வீட்டுக் கணினி கணக்கை நிறுத்தும்போது

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிப் போகும் ஏ-9 வீதியில் சுமார் மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என்று சிங்கள வழக்கில் அறியப்படும் வட்டகாமணி அபயனின் ஆட்சியில், பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இந்தப் பாறைக் குகைகளில்தான் என்பது மரபு. அதற்கு முன் அது பிக்குகளின் நினைவிலேயே வாழ்ந்தது. தீக நிகாயத்துக்கு ஒரு குழு, மச்சிம நிகாயத்துக்கு இன்னொரு குழு என்று, பாணகர் எனப்பட்ட ஓதுவோர் அதைப் பகுத்துச் சுமந்தார்கள். ஒரே பகுதியைப் பலர் சுமந்ததால், ஒருவர் பிசகினால் அருகிலிருந்தவர் திருத்த முடிந்தது. படையெடுப்பும் பெரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது ஏற்பாடு ஆட்டங்கண்டது. மகாநித்தேசம் என்ற நூலை முழுதும் அறிந்தவர் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார் என்று உரைநூல் சொல்கிறது. அவர் ஒழுக்கத்தில் நல்ல பெயர் எடுத்தவரல்லர். அதனால் அவரிடம் போய்ப் பாடங்கேட்கத் தயங்கியவரும் உண்டாம். ஆனாலும் கேட்டார்கள். சுமப்பவர் தவறக்கூடும், சாகக்கூடும், நம்பத் தகாதவராகவும் இருக்கக்கூடும் என்று தெரிந்தே அவரைப் பயன்படுத்தினார்கள். பிறகு எல்லாவற்றையும் ஓலையில் இறக்கிவைத்தார்கள்.

உலகெங்கும் வீடுகளில் சும்மா கிடக்கும் கணினிகளைக் கொண்டு அறிவியல் கணக்குப் போடும் தன்னார்வக் கணிமையும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1999 மே 17 அன்று தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’, வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞையைத் தேடுவதற்காக வானொலித் தொலைநோக்கியின் தரவுகளைச் சிறு துண்டுகளாக்கி வீடுகளுக்கு அனுப்பியது. அந்த அனுபவத்தை வைத்து டேவிட் ஆண்டர்சன் தலைமையிலான குழு 2002 முதல் கட்டியெழுப்பிய பொதுமேடைதான் ‘பாயிங்க்’. ஈர்ப்பலை, துடிவிண்மீன், புரத வடிவம், காலநிலை என்று பல துறைத் திட்டங்கள் இன்று அதன் மேல் ஓடுகின்றன. எங்கோ இருக்கும் வழங்கி ஒரு வேலைத்துண்டை அனுப்பும். வீட்டுக் கணினி அதை முடித்துக் குறித்த கெடுவுக்குள் திருப்பி அனுப்பும். சொல்ல எளிது. நிறுவிச் சில நாட்களுக்குள் திரையில் எதுவும் நகராமல் நிற்பதைப் பார்த்து, மென்பொருள் பழுது என்று முடிவுகட்டி அதை நீக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த முடிவு பெரும்பாலும் தவறு. நின்றுபோன பாயிங்க், தனக்கு இட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிற்கலாம், வேண்டுமென்றே காத்திருக்கலாம். உண்மையிலேயே கெட்டுப்போயிருந்தாலும், கெட்டது மென்பொருளாக இருப்பதைவிட வீட்டின் மின்சாரமோ வெப்பமோ நினைவகமோ கடிகாரமோ ஆக இருப்பதே வழக்கம்.

கீழ்ப்படிதலை முதலில் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்றுவதில் அதுதான் முதலிடம். பாயிங்க், வீட்டுக்காரருக்குத் தொந்தரவு தராத விருந்தாளியாக இருக்கும்படியே ஆக்கப்பட்டது. மடிகணினி மின்கலத்தில் ஓடும்போது கணக்கை நிறுத்து என்பது அதன் இயல்பிருப்புக் கட்டளை. வேறு மென்பொருள்கள் செயலியின் 25 வீதத்துக்கு மேல் எடுத்தால் ஒதுங்கு என்பது இன்னொன்று. விசைப்பலகையும் சுட்டியும் அசைந்து 3 நிமிடம் ஆகாவிட்டால் ‘ஆள் இருக்கிறார்’ என்று கொண்டு வரைகலைச் செயலியைத் தொடாதே என்பது மற்றொன்று. ஆள் இருக்கும்போது நினைவகத்தில் பாதிக்கு மேல் எடுக்காதே என்றும் உண்டு. 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினியில் ஒரு பெரிய வேலைத்துண்டு ‘நினைவகத்துக்காகக் காத்திருக்கிறது’ என்ற நிலையில் நாள்முழுக்கத் தூங்குவதற்கு இதுவே காரணம். வைரஸ் தடுப்பு மென்பொருள் பின்னணியில் வட்டை அலசிக்கொண்டிருந்தாலும் 25 வீத விதி விழித்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பார்க்கும்போது அது நின்றிருப்பதற்குக் காரணம், நாம் உட்கார்ந்து பார்ப்பதாகவே இருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஈ ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ‘ஈவென்ட் லாக்’ என்ற நிகழ்வுப் பதிவு திறக்கும். எப்போது, எந்த விதியால் நிறுத்தினேன் என்று அது வரிவரியாக எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் எந்தப் பொத்தானையும் தொடுவது வீண்வேலை.

நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் போதாதா என்று கேட்கலாம். கணினிக் கடைகளில் கிடைக்கும் முதல் அறிவுரையும் அதுதான். பாயிங்க் விஷயத்தில் அது பலன் தருவது அரிது. விண்டோஸில் இந்த மென்பொருள் ஒரு கோப்புறையிலும், அதன் வேலைத்துண்டுகளும் விருப்பத்தெரிவுகளும் ‘புரோகிராம்டேட்டா’ என்ற மறைந்த கோப்புறையிலும் தனித்தனியே இருக்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் இரண்டாவது கோப்புறை அப்படியே தங்கும். மறுபடி நிறுவியதும் பழைய விதிகள் பழைய இடத்திலேயே காத்திருக்கும். அதையும் அழித்துவிட்டாலோ, பாதியில் நிற்கும் வேலைகள் அத்தனையும் போய்விடும். முகப்புச் சாளரம் திறந்தும் உள்ளே எதுவும் தெரியாமல் ‘இணைகிறது’ என்றே நின்றால், அதற்கும் மறுநிறுவல் தேவையில்லை. நாம் பார்க்கும் சாளரம் வேறு, பின்னணியில் கணக்கை நடத்தும் நிரல் வேறு. இரண்டும் ஒரே கணினிக்குள் 31416 என்ற வாயிலெண் வழியாகப் பேசிக்கொள்கின்றன (கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த எண்தான்). தீச்சுவர் மென்பொருள் அந்த வாயிலை அடைத்தால், உள்ளே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே செத்த சாளரம் தெரியும்.

அடுத்தது காத்திருத்தல். வழங்கியைத் தொடர்புகொள்ள முடியாதபோது பாயிங்க் விடாப்பிடியாகத் தட்டிக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருப்பை நீட்டிக்கொண்டே போகும், அதிலும் சற்றுத் தற்செயலைக் கலக்கும். ஒரு திட்டத்தின் வழங்கி விழுந்து எழும்போது பல்லாயிரம் கணினிகள் ஒரே நொடியில் பாய்ந்தால் அது மறுபடி விழும் என்பதால் இந்த ஏற்பாடு. ‘தொடர்பு ஒத்திவைக்கப்பட்டது’ என்ற வரிக்குப் பக்கத்தில் ஓடும் நேரம் அதைத்தான் காட்டுகிறது. சில சமயம் வேலையே இருக்காது. செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 உடன் புதுவேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதில் இணைந்த கணினி எத்தனை முறை கேட்டாலும் ஒன்றும் வராது. ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’ ஐபிஎம் நிறுவனத்திடமிருந்து டொரன்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியபோது, 2022-இல் மாதக்கணக்கில் வேலை ஒழுங்காக வரவில்லை. இரண்டாவதாக ஒரு திட்டத்தையும் சேர்த்துவைப்பதே இதற்கு மருந்து. ஆனால் தொடர்பு எல்லாத் திட்டங்களிலும் ஒரேயடியாக அறுந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் நாணய வடிவப் பற்றரி தீர்ந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லுபடியாகாதவையாகத் தோன்றும். எந்த வழங்கியோடும் கைகுலுக்க முடியாது. மலிவான ஒரு பற்றரி தீர்க்கும் இந்தக் கோளாறுக்காக இணைய நிறுவனத்தைத் திட்டித் தீர்ப்பவர்கள் பாவம்.

இனி உண்மையான பழுது. இலங்கையில் அதன் முதல் பெயர் மின்தடை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதால் நாடே இருண்டது என்று துறைக்குப் பொறுப்பான அமைச்சரே சொன்னார். மின்சாரம் போனதும் நினைவகத்தில் இருந்தது போய்விடும், வட்டில் எழுதியது மட்டும் நிற்கும். அலுவிகாரையில் ஓலைக்கு என்ன வேலையோ, அந்த வேலை இங்கே சோதனைப்புள்ளிக்கு: கணக்கு எதுவரை வந்தது என்பதை அவ்வப்போது வட்டில் இறக்கிவைப்பது. நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் எழுதவேண்டாம் என்றே பாயிங்க் இயல்பாகக் கேட்கிறது. ஆனால் எப்போது எழுதுவது என்பதை ஒவ்வொரு திட்டத்தின் நிரலும்தான் தீர்மானிக்கிறது. சில நிரல்கள் நெடுநேரம் எழுதாமல் ஓடும். 60 வீதத்தில் இருந்த வேலை மின்சாரம் வந்தபின் 20 வீதத்துக்கு இறங்கியிருந்தால் அது கோளாறல்ல, கடைசிச் சோதனைப்புள்ளி அங்கே இருந்தது என்பதே பொருள். அந்த வேலைத்துண்டின் ‘பிராபர்ட்டீஸ்’ பக்கத்தில், கடைசிச் சோதனைப்புள்ளிக்குப் பின் எவ்வளவு நேரம் கணக்கு நடந்தது என்று தனியாகக் காட்டியிருக்கும். மின்வெட்டு நேரம் முன்கூட்டித் தெரிந்த நாட்களில் அந்த எண்ணைப் பார்த்து, அது சிறிதாக இருக்கும்போது நிறுத்துவதே கெட்டித்தனம். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்க்காரர்கள் குறுகிய வேலைத்துண்டு தரும் திட்டங்களைத் தேர்வது நல்லது. வாரக்கணக்கில் ஓடும் காலநிலை மாதிரிகள் அவர்களுக்கு ஏற்றவை அல்ல.

அதற்கு அடுத்தது வெப்பம். மின்னஞ்சல் பார்க்கவும் படம் பார்க்கவும் பயன்படும் கணினி நாளில் சில நிமிடங்களே முழுமூச்சாக உழைக்கும். பாயிங்க் அதை மணிக்கணக்கில் உழைக்கவைக்கிறது. விசிறியில் தூசி அடைந்திருந்தால் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அல்லது தவறாகக் கணக்கிடும். வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ‘கம்ப்யூட்டேஷன் எரர்’ என்று முடிவதைக் கண்டால், ஒரே திட்டத்தில் மட்டுமா எல்லாத் திட்டங்களிலுமா என்று கேட்பதே முதல் சோதனை. ஒன்றில் மட்டுமென்றால் அந்தத் திட்டத்தின் நிரலோ, கோப்பைப் பறித்து ஒளித்த வைரஸ் தடுப்பு மென்பொருளோ, வரைகலைச் செயலியின் இயக்கியோ காரணமாகலாம். எல்லாவற்றிலும் என்றால் தூசியையும் நினைவகத்தையும் சந்தேகியுங்கள். சூட்டைக் குறைக்க விரும்புவோர், செயலி நேரத்தின் வீதத்தைக் குறைப்பதைவிட செயலியின் கருக்களில் (கோர்) எத்தனை உழைக்கலாம் என்ற வீதத்தைக் குறைப்பது மேல். முன்னது கணக்கை விட்டுவிட்டு ஓட்டிச் சூட்டை ஏற்றி இறக்குகிறது. பின்னது சீராக வைக்கிறது.

கணினி தவறாகவும் கணக்கிடுமா என்று வியப்பவர்களுக்குச் சான்று பழையது. 1994-இல் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விடை ஒத்துவராமல் தேடிப்போய், பென்டியம் செயலியின் வகுத்தல் பகுதியிலேயே பிழை இருப்பதைக் கண்டார். அந்தச் சில்லுகளை மாற்றித்தர இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. 2016-இல் அதே நிறுவனத்தின் ஸ்கைலேக் செயலிகள் சில சமயம் உறைந்துபோவது வெளிப்பட்டதும், மெர்சென் பகா எண்களைத் தேடும் தன்னார்வலர்களின் ‘பிரைம்95’ ஓடியபோதுதான். 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய அந்தத் தேடலின் மென்பொருளைப் பகா எண்களில் துளியும் ஆர்வமில்லாதவர்கள் இன்று கணினியின் உறுதியைச் சோதிக்க ஓட்டுகிறார்கள். அன்றாடப் பயன்பாட்டில் தெரியாத நோயை நெடுங்கணக்கு வெளிக்கொண்டுவருகிறது. ஆகவே பாயிங்க் நிறுவியபின் கணினி திடீரென அணைந்தால், அது கணினியைக் கெடுத்தது என்பதைவிடக் கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

வீட்டுக் கணினி இவ்வளவு நம்பத்தகாததென்றால் அறிவியல் அதை எப்படி நம்புகிறது? நம்புவதில்லை. பல திட்டங்கள் ஒரே வேலைத்துண்டை இரண்டு வெவ்வேறு வீடுகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால் மட்டுமே ஏற்கின்றன; ஒவ்வாவிட்டால் மூன்றாவது வீட்டுக்கு அனுப்புகின்றன. ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’ 2010-இல் அறிவித்த முதல் துடிவிண்மீனின் கண்டுபிடிப்பில் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியரின் கணினிக்கும் ஜெர்மனியின் மைன்ட்ஸில் ஒருவரின் கணினிக்கும் சேர்த்தே பெருமை கொடுக்கப்பட்டதற்குக் காரணம் இந்த இரட்டைச் சரிபார்ப்புத்தான். அப்படியானால் என் கணினியின் பிழையை நான் ஏன் தேடவேண்டும், வழங்கியே கண்டுகொள்ளாதா? கண்டுகொள்ளும், ஆனால் ஒவ்வொரு கெட்ட விடைக்கும் இன்னொரு வீட்டின் மின்சாரம் செலவாகும். பிழைகளாக அனுப்பும் கணினிக்குத் தரும் நாள்வேலையை வழங்கி படிப்படியாகக் குறைத்துக்கொண்டும் வரும். ‘ஏன் எனக்கு வேலை வருவதில்லை’ என்ற கேள்விக்கு அதுவும் ஒரு விடை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மின்கட்டணம். அது நியாயமானது. கணினி கூடுதலாக 100 வாட் இழுத்தால் இடைவிடாத 30 நாளில் 72 அலகு. அலகு ஏற ஏற விகிதமும் ஏறும் இலங்கைக் கட்டண முறையில், இந்த 72 அலகு ஒரு சிறு குடும்பத்தை மேலடுக்குக்குத் தள்ளிவிடலாம். ஆகவே இந்தக் கொடையைப் பெருமைக்காக 24 மணித்தியாலமும் ஓட்டவேண்டியதில்லை. எப்படியும் திறந்திருக்கும் கணினியில், பாதிக் கருக்களோடு, பகலில் சில மணித்தியாலம் என்பது போதும். கூரையில் சூரியத்தகடு உள்ளவர்களுக்கு நண்பகல் நல்ல நேரம்.

கட்டணம் கட்டுப்படியாகாமல் விலகுவதென்றாலும் முறை உண்டு. கணினியை அணைத்துவிட்டுப் போனால் அதிலிருந்த வேலைகள் கெடு முடியும்வரை யாருக்கும் தெரியாமல் கிடக்கும். அதே துண்டை ஏற்கனவே முடித்துக்கொடுத்த மறுவீட்டின் விடையும் ஒப்பிட ஆளின்றி நிலுவையில் நிற்கும். முதலில் ‘புதுவேலை வேண்டாம்’ என்ற பொத்தானை அழுத்தி, கையிலிருப்பதை முடித்துக்கொடுத்தபின் நீக்கலாம். முடிக்க முடியாதென்றால் ‘அபார்ட்’ பொத்தானை அழுத்தி, இணையம் இருக்கும்போதே ‘அப்டேட்’டையும் அழுத்தினால் வழங்கிக்குச் செய்தி போய்விடும், அந்தத் துண்டைக் கெடு வரை வைத்திராமல் அது வேறொரு வீட்டுக்கு அனுப்பும்.