முப்பது வயதில் நர்சிங்: முன்பணம் கட்டும் முன்

பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடிப்படி ஓரம் தொங்கும் அந்தப் போர்டைத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்க்கலாம். ‘நர்சிங் அசிஸ்டன்ட் டிப்ளமோ. ஒரே வருடம். வயது வரம்பு இல்லை. வேலை உறுதி.’ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, இனி நாமும் ஏதாவது படிக்கலாமே என்று நினைக்கும் பெண்களின் கண் முதலில் நிற்பது ‘வயது வரம்பு இல்லை’ என்ற வரியில்தான். அதைப் படித்தால் தனியார் மருத்துவமனையில் உதவியாளர் வேலை கிடைக்கலாம். செவிலியராக முடியாது, பத்து வருடம் வார்டில் நின்றாலும் முடியாது. மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறியவரே செவிலியர். தமிழ்நாட்டில் அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். எல்லோரும் ‘கவுன்சில்’ என்பார்கள்.

ஆகவே எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: “முடித்ததும் என் பெயர் கவுன்சிலில் பதிவாகுமா?” கட்டணமும் காலேஜ் பஸ்ஸும் அப்புறம்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்து 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குச் சலுகை உண்டு. வயது 17 முதல் 35 வரை என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. 34 வயதில் ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறவர் கவனிக்க வேண்டிய வரி இது. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் இல்லாதவர்கள் 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோவைப் பார்க்கலாம். அதை முடித்துப் பதிவு பெற்றவருக்கு ‘போஸ்ட் பேசிக்’ என்ற 2 ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. மொத்தத்தில் ஒரு வருடம் கூடும்தான். ஆனால் மூன்றாம் வருடம் முடிந்ததுமே சம்பளம் வரத் தொடங்கும். வீட்டுச் செலவைத் தாங்குகிறவருக்கு இதுவே நல்ல வழி என்பது என் எண்ணம்.

வேலையை விடாமல் படிக்கலாம், வாரக் கடைசியில் வந்தால் போதும், அஞ்சல் வழியில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தொலைநிலை வழியில் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் நர்சிங்கையும் யுஜிசி 2020-இல் சேர்த்திருக்கிறது. தேர்வு எழுதவே 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குமுன் மருத்துவமனைப் பயிற்சி நேரம் நூறு சதவீதம் நிறைவாகியிருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த பிள்ளைக்காக விட்ட நாளையும் பிறகு வார்டில் ஈடுகட்டியாக வேண்டும். இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

கல்லூரியின் தரத்தை அதன் முகப்புக் கண்ணாடியில் பார்க்காதீர்கள், பயிற்சி மருத்துவமனையில் பாருங்கள். பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கையாவது உள்ள தாய் மருத்துவமனை வேண்டும் என்பதும், ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்பதும் விதி. ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். புறநோயாளிகள் வரிசை இருக்கிறதா? பிரசவ வார்டில் தாய்மார்கள் இருக்கிறார்களா? ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் கட்டில்கள் நிரம்புகிற இடமென்றால், எதிரே இருக்கும் டீக்கடைக்காரருக்கே தெரிந்திருக்கும். அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவியிடம், இதுவரை தானாக எத்தனை ஊசி போட்டாள் என்று கேட்டுப் பாருங்கள். புரோஷர் சொல்லாததை அவள் சொல்லிவிடுவாள்.

அங்கீகாரத்தையும் ஆண்டுவாரியாகவே சரிபாருங்கள். நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைவு உண்டா? நிகர்நிலைப் பல்கலைக்கழகமென்றால் கவுன்சில் அனுமதி எத்தனை இடங்களுக்கு? கல்லூரி காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். பல்கலைக்கழகத்திலும் கவுன்சிலிலும் நேரே கேளுங்கள். 1947-ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அமைப்பின் பெயர் மாறினாலும் கேள்வி இதேதான். ஏஜென்ட் மூலம் பெங்களூரு பக்கம் போகிறவர்கள், அங்கே பதிவு செய்தபின் அதைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி பணம். ‘இன்றே சீட் போட்டால் பத்தாயிரம் குறையும்’ என்பார்கள். ரசீதில் கல்லூரியின் பெயர் இல்லாமல் ஏதோ டிரஸ்ட் பெயரும் ‘நன்கொடை’ என்ற சொல்லும் இருந்தால் கட்டாதீர்கள். நன்கொடை வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. கூடுதலாகக் கேட்டால் புகாரும் அங்கேதான்.

சேர்ந்தபின் மனம் மாறினாலும் பணம் முழுவதும் போய்விடாது. யுஜிசியின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால் முழுத் தொகையும், அந்தத் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதமும் திரும்ப வேண்டும். முழுத் தொகையில் மட்டும் அலுவலகச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், பிடிக்கலாம். தேதி கடந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அதன்பின் ஒன்றும் வராது. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராமல் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு ‘நாலு வருடப் பணத்தையும் கட்டு’ என்று மிரட்டுவது பழைய தந்திரம். சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. சான்றிதழைப் பணயமாக வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. தராவிட்டால் முதலில் கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கேளுங்கள், பிறகு பல்கலைக்கழகப் பதிவாளருக்கு, அதோடு யுஜிசியின் ‘இ-சமாதான்’ தளத்தில் புகார். நுகர்வோர் நீதிமன்றத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்: கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எதுவும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெண்கள், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.