குறிபார்த்தலும் குண்டின் போக்கும்

துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டிலேயே செல்வதாக நம்மில் பலரும் எண்ணுகிறோம். குழலை விட்டகன்ற கணமே அது அக்கோட்டினின்றும் தாழத் தொடங்குகிறது. நொடியின் பத்தில் ஒரு பங்கிற்குள் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். பார்வையோ வளைவதில்லை. ஆகவே குறிபார்க்கும் கருவியைச் சிறிது சிறிதாகத் திருகி, குறித்த தொலைவில் பார்வையும் குண்டும் ஒரே புள்ளியில் கூடுமாறு அமைத்துக்கொள்வர். காண்பதற்கு அற்பமான வேலைதான்!

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி இறுதிச் சுற்றுக்கு முன், அபினவ் பிந்த்ரா ஒத்திகையாகச் சுட்ட முதற்குண்டு நான்காம் வளையத்திற் போய்த் தைத்தது. கருவி எவ்வாறோ நிலைபிறழ்ந்திருந்தது. பத்தாம் வளையமோ அரை மில்லிமீட்டர்ப் புள்ளி! எஞ்சிய ஒத்திகைக் குண்டுகளைக் கொண்டே அவர் அதனைச் செம்மை செய்தார். இந்தியர் ஒருவர் தனித்து வென்ற முதல் ஒலிம்பிக் தங்கத்தினும் அந்தச் சில நிமிடங்களையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அவர் சுட்ட கடைசிக் குண்டு பெற்ற புள்ளி 10.8.