கரிசல் நிலமும் ஒரு மெல்லிய சவ்வும்

திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டைச் சித்திரையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐப்பசி மழையில் ஊறிப் பருத்த மண், வெயில் ஏறியதும் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்துக்குள் இருக்கும் சவ்வுக்கும் இந்தக் கதி நேர்கிறது.

கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் படலம் அது. இன்றைய ஹைட்ரஜன் கார்களில் 10, 15 மைக்ரான் கனம்தான். தலைமுடி அதைப்போல் நாலைந்து மடங்கு இருக்கும். ஒரு துண்டை மேசையில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டால், நனைந்த பக்கம் பருத்துப் படலமே சுருண்டு எழும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டையும் கலக்க விடாமல் புரோட்டானை மட்டும் கடத்த வேண்டும். ஈரமிருந்தால்தான் கடத்தும். வண்டி வேகமெடுத்தால் தண்ணீர் ஊறிச் சவ்வு பருக்கும். காற்று வறண்டால் சுருங்கும். ஓரங்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் இழுபட்டு இழுபட்டு ஊசித்துளை விழுந்துவிடும்.

இரும்பு இதைவிடப் பொல்லாதது. சவ்வினூடே கசியும் வாயுக்கள் சந்திக்கும் இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. குழாய்த் துருவிலிருந்து துளி இரும்பு வந்து சேர்ந்தால், பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் என்னும் மூர்க்கமான துணுக்குகள் பிறக்கும். 1894-ல் வேதியியலாளர் ஃபென்டன் எழுதிவைத்த வினைதான். அவை சவ்வின் ஃபுளூரின் கொண்ட பாலிமர்ச் சங்கிலியை நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே போகும். கலத்திலிருந்து வடியும் தண்ணீரில் ஃபுளூரைடு எவ்வளவு என்று அளந்தால், சவ்வு எந்த வேகத்தில் கரைகிறது என்று நாடி பிடித்துச் சொல்லிவிடலாம். மின்சாரம் எடுக்காமல் வாயுவை மட்டும் ஓடவிட்டு நிறுத்தி வைப்பதுதான் இந்த அரிப்புக்கு மிகத் தோதான நேரம்.

பிறகு நம்மூர்த் தண்ணீர். குடத்தில் வெள்ளையாகப் படியும் போர்த் தண்ணீரை ஈரப்பதமூட்ட ஊற்றினால், கால்சியமும் சோடியமும் சவ்வில் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2024 பிப்ரவரி 28-ல் தூத்துக்குடி விழாவில் ஹைட்ரஜன் படகைத் தொடங்கிவைத்தார்கள். அதிலும் சவ்வு வகைக் கலம்தான். இந்த வெயிலில் ஹைட்ரஜன் பேருந்து விடப் போகிறவர்கள் எஞ்சினுக்கு முன்னால் தண்ணீரையும் குழாயையும் யோசிக்க வேண்டும் என்பேன். யோசனை கேட்கத் தொலைவு போகவேண்டாம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து உருவான காரைக்குடி ‘சிக்ரி’ ஆய்வகம் மின்வேதியியலுக்கென்றே இருக்கிறது.

அரிப்புக்கு மருந்தும் உண்டு. சவ்வில் கொஞ்சம் சீரியம் கலந்தால், ஹைட்ராக்சில் துணுக்குகள் சங்கிலியைத் தொடுமுன் அது மடக்கிவிடும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருக்கும் அதே சீரியம். ஆனால் ஓடஓட அதுவும் ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அதை இருந்த இடத்திலேயே நிறுத்தும் வழியைத்தான் இப்போது தேடுகிறார்கள்.