இடுப்பு வலி: கையால் பார்க்கும் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

"தோட்டத்து டிஸ்பென்சரியில நரம்புன்னாங்க, டவுன்ல எலும்பு விலகிட்டுன்னாங்க, யாரு சொல்றத நம்புறது?" என்று கேட்டு நம்மிடம் வரும் சகோதரிகள் பலர். மூன்றாவது டாக்டரைத் தேடி ஒரு நாள் பேரையும் பஸ் காசையும் இழப்பவர்களும் உண்டு.

யாரோ பொய் சொல்கிறார் என்று நினைக்கத் தேவையில்லை. கையால் செய்யும் சோதனைகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல.

விரலால் தடவி "இந்த மூட்டு அசையவில்லை, எலும்பு விலகியிருக்கு" என்று சொல்வதுதான் மிகவும் பலவீனமானது. ஒரே ஆளை இரண்டு பேர் தனித்தனியே இப்படிப் பார்த்தால் பெரும்பாலும் முடிவு ஒத்துப்போவதில்லை. ஆகவே அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து உருவி விடுகிறவரிடம் ஓட வேண்டாம். இடுப்பு மூட்டை அமுக்கி "வலிக்குதா?" என்று கேட்கும் சோதனைகள் இதைவிடப் பரவாயில்லை. அதிலும் ஒன்று போதாது; குறைந்தது மூன்றிலாவது வழக்கமான அதே வலி வந்தால்தான் அந்த மூட்டைச் சந்தேகிப்பார்கள்.

மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்கவே அது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் வரை போன நோயாளிகள். டிஸ்க் பிதுங்கிய 100 பேரில் 92 பேருக்கு வலித்தது. ஆனால் பிதுங்காத 100 பேரிலும் 72 பேருக்கு வலித்ததே! நல்ல காலைத் தூக்கும்போது நோவுள்ள காலில் வலி இறங்கினால் அது பலமான அடையாளம். பலருக்கு அது வருவதில்லை.

"அப்ப ஸ்கேன் எடுத்தா போதுமே?" என்பீர்கள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் டிஸ்க் பிதுங்கித் தெரிவதாக 2015இல் வந்த ஒரு ஆய்வு சொல்கிறது.

அதனால் டாக்டரின் கையைப் போல உங்கள் வாயும் முக்கியம். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டக்கூடாது. தொடையின் பின்பக்கம் இழுப்பது வேறு, உங்களது பழைய வலி வேறு, பிரித்துச் சொல்லுங்கள். கூடை தூக்கும்போதா, சரிவில் இறங்கும்போதா, படுக்கையில் புரளும்போதா? வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா? வயிற்றில் பிள்ளை இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

வெட்கப்பட்டு மறைக்கவே கூடாத சில உண்டு. சிறுநீர் போகாமல் அடைப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலமிழப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் கொழுந்து நிறுக்கும்வரை காத்திராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.