பழைய லாண்ட் றோவருக்கு வேறு காலத்து அச்சு

பழைய லாண்ட் றோவரின் பின்னச்சு உடைந்தால், புதிது வாங்க வசதியில்லாத நாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகிறோம். அங்கே கிடப்பது பெரும்பாலும் எமது வண்டிக்குப் பிந்திய காலத்து வண்டியொன்றின் அச்சாகவே இருக்கும். "எல்லாம் ஒரே கொம்பனிதானே, பூட்டினால் பொருந்தும்" என்பார்கள். பல வேளைகளில் பொருந்தத்தான் செய்யும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கடன்பட்ட காசைக் கொடுக்குமுன் சில விடயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாண்ட் றோவர் இங்கிலாந்தில் 1948 இல் வெளிவந்தது. இரண்டாம் வரிசை 1958 இலும் மூன்றாம் வரிசை 1971 இலும் வந்தன. மூன்றாம் வரிசை 1985 வரை செய்யப்பட்டது. இவை அனைத்தும் பட்டை ஸ்பிறிங் வண்டிகள். 1983 இல் வந்த நூற்றுப்பத்து, மறு ஆண்டு வந்த தொண்ணூறு என்பவற்றில் சுருள் ஸ்பிறிங் வந்தது. 1990 முதல் இவற்றுக்கு டிபென்டர் என்று பெயர். 1970 இல் வந்த றேஞ்ச் றோவரும் சுருள் ஸ்பிறிங் வண்டியே.

வெளியே தெரியாத வேறுபாடு அச்சின் நடுவில் உள்ள பல்லுச் சில்லுகளில் இருக்கிறது. இரண்டாம், மூன்றாம் வரிசை வண்டிகளில், எட்டுச் சிலிண்டர் பூட்டியவை நீங்கலாக, சில்லு ஒரு சுற்றுச் சுற்ற கியர்ப் பெட்டியிலிருந்து வரும் நீண்ட தண்டு 4.7 சுற்றுச் சுற்றும். சுருள் ஸ்பிறிங் வண்டிகளில் அது 3.54 சுற்று மட்டுமே. ஆனால் றேஞ்ச் றோவரின் நடுப்பாகம் பழைய அச்சுக் கூட்டுக்குள் அதே துளைகளில் இறுகி நிற்கும்.

நாமும் இப்படி ஏமாந்திருக்கிறோம். பின்னச்சின் நடுப்பாகத்தை மட்டும் மாற்றினோம். முன்னச்சு நல்லதாயிருந்ததால் அதைத் தொடவில்லை. தார் றோட்டில் வண்டி முன்னரைவிடச் சுகமாக ஓடியது. மழைக்குப் பின் நெல் மூட்டைகளோடு சேற்றில் புதைந்தபோது சிவப்புக் கைபிடியை இழுத்தோம். அதை இழுத்தால் முன் சில்லுகளும் தாமாகவே இயங்கத் தொடங்கும். பின் சில்லு ஒரு வேகம், முன் சில்லு வேறொரு வேகம். சேற்றில் வழுக்கியபடி வெளியே வந்தது. இறுகிய தரை வந்ததும் பின்பக்க அரைத்தண்டு முறிந்தது. மூட்டைகளை இறக்கிச் சுமந்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே கணக்கு இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

சோதிப்பது எளிது. தட்டையான தரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இந்த வண்டிகளில் கைபிறேக் அந்த நீண்ட தண்டையே பிடிக்கிறது. அதைத் தளர்த்தினால்தான் தண்டு சுற்றும். ஆகையால் கல்லில்லாமல் ஒருபோதும் செய்யாதீர்கள். கியரை நியூற்றலில் விட்டு, ஒரு பின் சில்லை மட்டும் ஜக்கினால் உயர்த்துங்கள். சில்லிலும் தண்டிலும் சோக்கட்டியால் கோடு போட்டு, சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தண்டு நாலேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் பழைய கணக்கு; மூன்றரை என்றால் புதியது. ஒரு பக்கச் சில்லு தரையில் நிற்பதால்தான் இரண்டு சுற்று. கடையில் கழற்றிக் கிடக்கும் அச்சிலும், ஒருவர் ஒரு பக்கத்தை அசையாமல் பிடிக்க, மற்றவர் இப்படியே எண்ணலாம்.

இரண்டு அச்சுக்கும் 3.54 போட்டால் முறியாதுதானே என்று கேட்பீர்கள். அதனால் முறியாது. ஆனால் சில்லுக்கு வரும் இழுவை ஏறக்குறைய காற்பங்கு குறையும். பழைய இரண்டேகால் லீற்றர் டீசல் இயந்திரம் பாரப் பெட்டியோடு மேட்டில் திணறும். வேகமானியும் பொய் சொல்லும்: 30 காட்டும்போது வண்டி 40 இல் போய்க்கொண்டிருக்கும். பாரம் இழுக்கும் வண்டிக்கு 4.7 ஐ விட்டுவிடாதீர்கள் என்பதே எமது எண்ணம்.

சுருள் ஸ்பிறிங் அச்சை முழுதாகப் பட்டை ஸ்பிறிங் வண்டிக்கு மாற்றுவது பெரிய வேலை. அதில் பட்டை உட்காரும் இடமே இல்லை. அகலமும் ஏழு அங்குலம் கூட. சில்லு மட்காட்டுக்கு வெளியே நீட்டும். வெட்டி ஒட்டும்போது சூட்டில் கூடு வளையலாம். முன்னச்சின் சாய்வு பிசகினால் ஸ்ரியறிங் அலையும்.

1970களில் நீள வண்டிகளுக்கு வந்த சலிஸ்பரி என்னும் பின்னச்சு மிகப் பலமானது. பின்புறத்தில் ஆணிகளால் பூட்டிய மூடி இருக்கும். அதைக் கண்டால் கண்டுபிடித்துவிடலாம். அது நூற்றுப்பத்திலும் வந்தது; ஆகவே அதையும் சுற்றி எண்ணியே வாங்குங்கள். அதன் நடுப்பாகத்தை மற்றதைப்போல் முன்னால் கழற்றி மாற்ற முடியாது.

இன்னொன்று. பழைய அரைத்தண்டின் நுனியில் 10 பற்கள். 1990களில் 24 பற்களாக்கினார்கள். நடுப்பாகம் வாங்கும்போது உங்கள் முறிந்த தண்டின் நுனியைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே செருகிப் பாருங்கள்.