தீர்க்கதரிசிகளும் ஆலய அதிகாரமும்

எபிரேய வேதத்தில் தீர்க்கதரிசிகளைத் தடுக்க முன்வந்தவர்களில் பலர் ஆலயப் பணியிலேயே இருந்தவர்கள். ஆசாரியப் பதவி பரம்பரையாக வருவது. பெரும்பாலும் அரசரின் ஆதரவில் நிற்பது. தீர்க்கதரிசிக்கு வம்சமும் வேண்டாம், நியமனமும் வேண்டாம். கடவுளின் வார்த்தை வந்தது என்பதே அவருடைய உரிமை. இந்த இரண்டும் மோதிய இடங்களை வேதம் மறைக்காமல் பதிந்திருக்கிறது.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில், யூதாவின் தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பராமரித்தும் பிழைத்தவர் ஆமோஸ். அவர் வடக்கே பெத்தேலுக்குப் போய், ஏழைகளை நசுக்குவோரின் பலிகளைக் கடவுள் வெறுக்கிறார் என்றார். அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா, இது ராஜசதி என்று அரசன் யெரொபெயாமுக்குச் செய்தி அனுப்பினான். பெத்தேல் அரசனுடைய பரிசுத்த இடம், யூதாவுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று ஆமோஸை விரட்டினான்.

எரேமியா ஆசாரியக் குடும்பத்திலேயே பிறந்தவர். கி.மு. 609 வாக்கில், யோயாக்கீம் அரசேறிய புதிதில், எருசலேம் ஆலயப் பிராகாரத்தில் நின்று பேசினார். அகதியையும் அநாதையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்தில் அடைக்கலம் தேடாதீர்கள், திருந்தாவிட்டால் இந்த ஆலயமும் அழிந்துபோன பழைய வழிபாட்டிடமான சீலோவைப்போல் ஆகும் என்றார். ஆசாரியர்களும் ஆலயத்துத் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்து, சாக வேண்டும் என்றார்கள். பிரபுக்கள் ஆலயத்தின் புதிய வாசலில் விசாரணைக்கு உட்கார்ந்தார்கள். மூப்பர் சிலர் எழுந்து, எசேக்கியா அரசன் காலத்தில் மீகா இதையே சொன்னார், அவரை யாரும் கொல்லவில்லை என்று நினைவூட்டினார்கள். சாப்பானின் மகன் அகீக்காமும் துணைநின்றதால் எரேமியா தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா என்ற தீர்க்கதரிசிக்கு அந்த வாய்ப்பில்லை. எகிப்துக்குத் தப்பியோடியவரைப் பிடித்துவந்து அரசன் வெட்டிக்கொன்றான்.

உண்மையான தீர்க்கதரிசியை அடையாளம் காண்பதும் எளிதாக இருக்கவில்லை. எரேமியா பாபிலோனுக்கு அடங்கச் சொல்லிக் கழுத்தில் நுகம் சுமந்தார். அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி அந்த நுகத்தை உடைத்து, இரண்டே ஆண்டில் விடுதலை என்றான். இருவரும் கடவுளின் பெயராலேயே பேசினார்கள். சொன்னது நடக்காவிட்டால் அது கடவுளின் வார்த்தையல்ல என்கிறது உபாகமம். ஆனால் அந்தச் சோதனைக்கு விடை தெரியக் காலம் ஆகும். அதற்குள் பெரும்பாலோர் தங்களுக்கு இதமான வார்த்தையையே நம்பினார்கள்.

சுவிசேஷங்களும் இதே வரிசையில் வருகின்றன. இயேசு ஆலயத்தில் காசுக்காரரின் மேசைகளைக் கவிழ்த்தபோது எரேமியாவின் ஆலயப் பேச்சிலிருந்த கடுஞ்சொல்லையே நினைவூட்டினார். பிரதான ஆசாரியன் காய்பா அவருக்கு எதிராக நின்றான். சிலுவைத் தண்டனை விதித்தவர் ரோம ஆளுநர் பிலாத்து. பின்னர் அப்போஸ்தலர்களைக் கொல்ல ஆலோசனைச் சங்கம் எண்ணியபோது, அதிலிருந்த பரிசேயர் கமாலியேல், இது மனிதரால் வந்ததானால் தானே அழியும், கடவுளால் வந்ததானால் உங்களால் அழிக்க முடியாது என்று தடுத்தார்.

இவை ஒரே சமூகத்துக்குள் நடந்த வழக்குகள். இயேசுவும் அப்போஸ்தலர்களும் யூதர்களே. பிற்காலக் கிறிஸ்தவர் பலர் இக்கதைகளை யூத இனத்தின் மீதான குற்றச்சாட்டாக்கியது பெரும் அநீதி. இயேசுவின் மரணப் பழியை எல்லா யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அடிபட்டு விலங்கிடப்பட்ட எரேமியாவின் சொற்களை வேதமாகக் காத்தவர்களும் யூதர்களே. ஆலய அழிவை நினைத்து உபவாசமிருக்கும் ஆப் மாதம் 9ஆம் நாளில், ஜெப ஆலயங்களில் இன்றும் எரேமியாவின் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படுகிறது.