பஞ்சப்படி நின்றது; ஆஸ்பத்திரி எழுந்தது

வேடசந்தூர்ப் பக்கம் ஒருவருக்கு நோய் முற்றினால், திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அங்கிருந்து மேலும் சுமார் 60 கிலோமீட்டர் மதுரைக்கு ஓடுவதுதான் வெகுகால வழக்கம். அந்த ஓட்டத்தைக் குறைக்கத் திண்டுக்கல்லிலும் ஒரு மருத்துவக் கல்லூரி அமைக்க 2019-ல் மத்திய சர்க்கார் இசைவு தந்தது. கல்லூரி ஒன்றுக்கு 325 கோடி ரூபாய் மதிப்பு. நூற்றுக்கு 60 மத்திய சர்க்கார், 40 மாநில சர்க்கார் என்று ஏற்பாடு.

மறு ஆண்டே கொரோனா வந்தது. கடைகள் அடைபட்டன, வரி வருவாய் வற்றியது. கஜானா வறண்டால் சர்க்கார்கள் முதலில் கை வைப்பது கட்டடங்களில்தான். அரைகுறைச் சுவர் கொடி பிடித்துக் கோஷம் போடாதல்லவா!

தமிழ்நாட்டில் நடந்ததோ வேறு. 2020 ஏப்ரலில் அரசு ஊழியர், ஆசிரியர்களின் பஞ்சப்படி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. ஈட்டிய விடுப்பைக் காசாக்குவதும் நின்றது. மே மாதம் ஓய்வு வயது 58-லிருந்து 59 ஆயிற்று. ஓய்வுக்காலப் பணத்தை உடனே எண்ணி வைக்க வேண்டியதில்லை. நோயாளிகளின் நடுவே நின்ற சர்க்கார் டாக்டருக்கும் நர்ஸுக்கும்கூடப் பஞ்சப்படி உயரவில்லை.

கட்டட வேலையை மட்டும் கைவிடவில்லை. மாநிலம் தன் பங்கைச் சுருக்கினால் மத்திய சர்க்காரின் பங்கும் சிக்கலாகும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்க வேண்டும்.

2022 ஜனவரி 12-ல் திண்டுக்கல் உட்பட 11 கல்லூரிகளைப் பிரதமர் மோடி காணொலி வழியே திறந்துவைத்தார். திண்டுக்கல்லுக்கு 150 இடங்கள். அதே ஜனவரியில்தான் பஞ்சப்படியும் 17 சதவிகிதத்திலிருந்து 31 ஆயிற்று. நின்றிருந்த காலத்துக்கு நிலுவை கிடைக்கவில்லை.